"எவ்வளவுக்கு வாங்குனீங்க?": நாய்க்குட்டி விலை பற்றி ஒரு நீண்ட இழை

1/
"சார், இது தெரு நாய் இல்ல சார். ஷிட்ஸூ. பன்னெண்டாயிரம் குடுத்து வாங்குனது. இதுக்குமா ஊசி போடணும்?"

கேசுவால்ட்டியில் இந்தக் கேள்வி காதில் விழாமல் எனக்கு ஒரு மாதம்கூடப் போவதில்லை. நாயோட இனம் மாறும், தொகை மாறும், கேள்வி மட்டும் அப்படியே இருக்கும். இன்னைக்கு அந்தத் தொகையைப் பத்தித்தான் பேசப் போறேன். வீட்ல பிள்ளைங்க "குட்டி நாய் வேணும்"னு அடம்பிடிக்கிறவங்க மட்டுமாவது கடைசிவரை படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் முடிச்சுட்டு அரசு மருத்துவமனையில் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். நாய்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது கால்நடை மருத்துவ நண்பர்கள்கிட்ட கேட்டதும், சொந்தமா பட்டுத் தெரிஞ்சதும்தான்.

"அப்புறம் உனக்கெதுக்குய்யா நாய் விலை?"ன்னு கேட்டா என் பதில் இதுதான். குட்டி வாங்கும்போது நீங்க குடுக்காம மிச்சம் பிடிச்ச காசுக்கான பில், கொஞ்ச நாள் கழிச்சு என் மேசைக்கு வருது.

3/
மூணு வருஷம் முன்னாடி. ஞாயிறு ராத்திரி டூட்டி. அப்பா தோள்ல ஏழு வயசுப் பாப்பா. கன்னத்துல ரெண்டு பல் இறங்கின காயம். மேலே காபித்தூள் அப்பியிருக்கு. கடிச்சது, பாப்பா பிறந்தநாளுக்காக நாலு நாள் முன்னாடி வாங்கின ஷிட்ஸூ குட்டி.

"எப்பண்ணே கடிச்சுது?"
"நேத்து காலையில சார்."
"நேத்தே ஏன் வரல?"
"குட்டிதானேன்னு விட்டுட்டோம்."
"குட்டி இப்ப எப்படி இருக்கு?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "மத்தியானம் செத்துப்போச்சு சார்."

4/
ரெண்டு நாளா சாப்பிடலையாம். எச்சில் ஒழுகியிருக்கு. நடக்கும்போது தள்ளாடியிருக்கு. டிஸ்டெம்பரா இருக்கலாம். சர்க்கரை அளவு இறங்கியிருக்கலாம், சின்ன இனக் குட்டிங்களுக்கு அது சீக்கிரம் நடக்கும். ரேபிஸாகவும் இருக்கலாம். மூளையைச் சோதிச்சுப் பார்த்திருந்தா ரேபிஸா இல்லையான்னாவது தெரிஞ்சிருக்கும். ஏரிக்கரையில புதைச்சுட்டு வந்திருந்தாங்க, எந்த இடம்னு இருட்டுல அவங்களுக்கே அடையாளம் தெரியல.

"வித்தவருக்கு ஃபோன் போடுங்கண்ணே, தாய் நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு கேளுங்க."

ஃபோன் சுவிட்ச் ஆஃப். குட்டி எங்கிருந்து வந்துச்சுன்னும் அவருக்குத் தெரியாது. "அட்டைப்பெட்டியில பஸ்ஸுல வந்துச்சு சார், நான் பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கிக்கிட்டேன்."

5/
காபித்தூளைக் கழுவி, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் காயத்தை அலம்பினோம். முகத்துல ரத்தம் வந்த கடி மூணாம் வகைக் காயம். அதனால தடுப்பூசியோட சேர்த்து, காயத்துக்குள்ளேயும் அதைச் சுத்தியும் இம்யூனோகுளோபுலின் போட்டோம். ஏழு வயசுக் குழந்தையோட கன்னத்துல, புண்ணுக்குள்ளேயே ஊசி. பாப்பா போட்ட சத்தத்துல வார்டுல தூங்கின அத்தனை பேரும் எழுந்து வந்துட்டாங்க. எங்க சிஸ்டர் பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டே அழுதாங்க.

6/
கடிச்ச நாய் உயிரோட இருந்தா 10 நாள் பார்ப்போம். பத்து நாளும் அது நல்லா இருந்தா, கடிச்சப்போ அதோட எச்சில்ல ரேபிஸ் இல்லைன்னு அர்த்தம். சிகிச்சையை உடனே தொடங்கிடணும்தான், ஆனா வீட்ல இருக்கிறவங்களுக்கு அந்தப் பத்து நாள் ஒரு நிம்மதி. இந்தக் குடும்பத்துக்கு அதுவும் கிடைக்கல.

0, 3, 7, 28. நாலு நாளும் தவறாம வந்தாங்க. இடையில ஒரு நாள் பாப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல். அம்மா அடிச்சுப் புரண்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. "தண்ணி குடிக்குது சார், பயப்படலாமா வேணாமா?"ன்னு கேட்டாங்க.

பாப்பா இப்ப அஞ்சாம் வகுப்பு. நல்லா இருக்கா. கன்னத்துல சின்னதா ரெண்டு தழும்பு.

7/
அந்தப் பன்னெண்டாயிரத்துக்கு என்ன வாங்கினார் அந்த அப்பா? அட்டைப்பெட்டியில வந்த ஒரு குட்டி. அவ்வளவுதான். அட்டை இல்லை, ஊசி இல்லை, வயசு தெரியாது, தாய் யாருன்னு தெரியாது.

அவர் கஞ்சனும் இல்லை, பொறுப்பில்லாத ஆளும் இல்லை. பிள்ளைக்காக ஒரு மாசச் சம்பளத்துல பெரும்பகுதியைக் குடுத்தவர். எல்லாரும் கேக்குற ஒரே கேள்வியை அவரும் கேட்டார்: "எவ்வளவு?"

அந்தக் கேள்விதான் தப்புன்னு சொல்லத்தான் இவ்வளவு எழுதறேன்.

8/
சரி, என் கதையையும் சொல்லிடறேன். அவரை மட்டும் கூண்டுல ஏத்தக் கூடாதில்ல?

ஹவுஸ் சர்ஜன் காலத்துல முதல் ஸ்டைபண்டு கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில பொமரேனியன் குட்டி வாங்கினேன். 6000 சொன்னான், பேரம் பேசி 4500க்கு முடிச்சேன். "ரெண்டு மாசக் குட்டி, ஊசி போட்டாச்சு"ன்னான். பெருமையா ரூமுக்குக் கொண்டு வந்தேன். ஆறாவது நாள் வாந்தி. ஏழாவது நாள் ரத்தமா பேதி. ஒன்பதாவது நாள் செத்துப்போச்சு.

9/
அந்தக் கடைசி ரெண்டு நாளும் கால்நடை மருத்துவமனையிலதான் கிடந்தேன். டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்கல, குட்டி அவ்வளவு சின்னது. அங்க இருந்த வயசான டாக்டர் அதோட வாயைத் திறந்து பார்த்துட்டு, "இது ரெண்டு மாசம் இல்ல தம்பி. அஞ்சு வாரம் இருந்தா பெருசு. பல்லே முழுசா வரல"ன்னார். அப்புறம் கேட்டார்:

"வாங்கும்போது தாயைப் பார்த்தியா?"

பார்க்கலை. பார்க்கணும்னே தோணல. நாலரை வருஷம் மருத்துவம் படிச்சவன், குழந்தைங்க வார்டுல தினம் "அம்மாவுக்கு என்ன ஊசி போட்டீங்க, தாய்ப்பால் எத்தனை மாசம் குடுத்தீங்க"ன்னு கேக்குறவன், ஒரு உயிரை வாங்கும்போது அதைக் கேக்கல. பேரம் மட்டும் பேசினேன்.

10/
அந்த டாக்டர் அன்னைக்குச் சொன்ன விஷயம் நம்ம மருத்துவத்துலயும் இருக்கிறதுதான்.

குட்டிக்குத் தாய்ப்பால் வழியா நோய் எதிர்ப்புப் பொருட்கள் வரும், அதுவும் தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தா. ஆறு வாரத்துக்கு மேல அந்தப் பாதுகாப்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும். அது உடம்புல இருக்கிறவரைக்கும் நாம போடுற ஊசி சரியா வேலை செய்யாது. அது போன பிறகு ஊசி இல்லைன்னா பாதுகாப்பே கிடையாது. ஒவ்வொரு குட்டிக்கும் இது எந்த வாரம் நடக்கும்னு சொல்ல முடியாது. அதனாலதான் 6 முதல் 8 வாரத்துல தொடங்கி, 3-4 வார இடைவெளியில 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுறாங்க.

"ஒரு ஊசி போட்டாச்சு சார்"னு விக்கிறவர் சொல்றது உண்மையாவே இருந்தாலும், வேலை முடியல, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு.

11/
இப்ப வியாபாரி பக்கத்துல நின்னு கணக்குப் பாருங்க. நாலு வாரம் வரைக்கும் குட்டிக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை, தாய்ப்பால் ஓசி. அதுக்கு மேல தீனி, பூச்சி மருந்து, முதல் ஊசின்னு காசு இறங்கும். நோய் வந்து சாகத் தொடங்குற வாரங்களும் அதுதான். அதனால அஞ்சாவது வாரத்துல தள்ளி விட்டுட்டா செலவும் உங்களுக்கு, சாவும் உங்களுக்கு.

குட்டி "கையடக்கமா, பொம்மை மாதிரி" இருக்கேன்னு நீங்க கொஞ்சுறீங்க. பால் மறக்காத குழந்தை அப்படித்தான் இருக்கும்.

12/
கடிக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. குட்டிங்க ஒண்ணோட ஒண்ணு விளையாடும்போது கடிச்சுக்கும். ரொம்ப அழுத்திக் கடிச்சா மத்தது கத்தும், விளையாட்டு நின்னுடும். தாயும் அதட்டும். எவ்வளவு அழுத்தலாம்ங்கிறதை நாய் அங்கதான் கத்துக்குது. அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து அஞ்சாவது வாரத்துல பிடுங்கிட்டு வந்தா, அதோட அடுத்த பாடம் உங்க பிள்ளையோட கையிலயும் கன்னத்துலயும்தான்.

13/
இதையெல்லாம் நான் புதுசா கண்டுபிடிச்சுச் சொல்லல. சட்டமே இருக்கு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ் 2017-இல் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னு தனி விதிகள் வந்தாச்சு. 8 வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விக்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு செஞ்சிருக்கணும். தாய்க்கு 18 மாசம் ஆகாம இணை சேர்க்கக் கூடாது. வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல கூடாது. எட்டு வயசுக்கு மேல கூடாது. ஊசி போட்டு, பூச்சி மருந்து குடுத்து, மைக்ரோசிப் வெச்சுத்தான் விக்கணும். 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுல அட்டைப்பெட்டியில வர்ற குட்டிக்கு இதுல எது நடந்திருக்கும்?

14/
இந்த விதிகளை ஒழுங்கா கடைப்பிடிச்சா ஒரு சின்ன இனக் குட்டிக்கு என்ன செலவாகும்னு யோசிங்க. சின்ன இன நாய் ஒரு ஈத்துக்குப் பெரும்பாலும் ரெண்டு, மூணு, மிஞ்சிப் போனா நாலு குட்டிதான் போடும். குட்டியோட தலை பெருசு, தாயோட இடுப்பு சின்னது. அதனால பிரசவம் சிக்கலாகி சிசேரியன் வரைக்கும் போறது சகஜம். தாய்க்கு நடுவுல ஓய்வு குடுக்கணும். எட்டு வாரம் தீனி. ஊசி. மருத்துவர் ஃபீஸ்.

இவ்வளவும் செஞ்சவர் அஞ்சாயிரத்துக்கு, அதுவும் "ஹோம் டெலிவரி ஃப்ரீ"ன்னு குட்டி குடுக்க முடியுமா? முடியாது. அப்போ எதையோ வெட்டியிருக்காங்க. எதை வெட்டினாங்கங்கிறதுதான் நீங்க கேக்க வேண்டிய கேள்வி.

15/
பெரும்பாலும் வெட்டுறது தாயைத்தான். இருட்டு ரூம்ல கூண்டுக்குள்ள, ஒவ்வொரு பருவத்துக்கும் இணை சேர்த்து, குட்டியைப் பிடுங்கி, மறுபடி இணை சேர்த்து... பால்காம்பெல்லாம் தொங்கி, பல்லெல்லாம் விழுந்து, இனி குட்டி போடாதுன்னு ஆனதும் ஹைவேயில இறக்கி விட்டுடுவாங்க. முடியெல்லாம் சடை பிடிச்சு ரோட்டோரம் திரியிற ஷிட்ஸூவை நீங்களும் பார்த்திருப்பீங்க. "பாவம், யாரோ தொலைச்சுட்டாங்க போல"ன்னு கடந்து போயிருப்பீங்க. அதுல பல நாய் தொலைஞ்சு போனதில்ல, வேலை முடிஞ்சதுன்னு விட்டுட்டுப் போனது. நாம பேரம் பேசிக் குறைச்ச 1500 ரூபாயை அது கட்டியிருக்கு.

16/
"அப்போ விலை அதிகம்னா நல்ல குட்டிதானே டாக்டர்?"

அதுவும் இல்லை. "டீ கப்" நாய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அப்படி அங்கீகரிக்கப்பட்ட இனமே கிடையாது. சின்னதுலயே நோஞ்சானைப் பொறுக்கி இணை சேர்த்து, இன்னும் சின்னதாக்கி, விலையை ஏத்தி விக்கிறாங்க. எலும்பு முறியும், முட்டிச்சில்லு விலகும், சர்க்கரை இறங்கி மயங்கும். ஒரு நோய்க்கு ஃபேஷன் பேரு வெச்சு விக்கிற வியாபாரம் அது.

நம்மூர்ல "பொமரேனியன்"னு விக்கிறதுல பெரும்பாலானது இந்தியன் ஸ்பிட்ஸ். அருமையான நாய், நம்ம வெயிலைத் தாங்கும். ஆனா அதையே "இம்போர்ட்டட் டாய் பொம்"னு சொல்லி விலையைப் பல மடங்கு ஏத்தினா, நீங்க காசு குடுத்தது நாய்க்கு இல்ல, அந்தப் பேருக்கு.

17/
"பேப்பர் இருக்கு சார்"னு ஒண்ணு சொல்வாங்க. சென்னையைத் தலைமையிடமா கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட சான்றிதழைச் சொல்றாங்க. அது வம்சாவளிப் பதிவு. அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு சொல்லும். குட்டி ஆரோக்கியமா இருக்கு, ஊசி போட்டாச்சுன்னு அது சொல்லாது. ஜாதகம் வேற, மெடிக்கல் சர்டிபிகேட் வேற.

18/
2003-இல் ஹட்ச் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடி பக் நாய் ஓடுச்சு. ஊரே பக் கேட்டுச்சு. மூஞ்சி சப்பையா இருக்கிறதால மூச்சு விடவே சிரமப்படுற நாய் அது. நாய் வியர்த்து உடம்பைக் குளிரவைக்க முடியாது, மூச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். அந்த வழியே குறுகலா இருந்தா நம்ம சித்திரை வெயில்ல என்ன ஆகும்? "என் பக் தூங்கும்போது க்யூட்டா குறட்டை விடும்"னு வீடியோ போடுறாங்க. டாக்டர் கண்ணுக்கு அது க்யூட் இல்ல, காத்துக்குத் திணறுற சத்தம்.

2024-இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டு வந்து, நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்து வராத 11 வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யத் தடைன்னு சொல்லுச்சு. பக் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு.

19/
சரி, தத்து எடுக்கலாம்னா? நல்ல முடிவு. ஆனா இங்கேயும் ரெண்டு கூத்து நடக்குது.

ஒண்ணு: "தத்துக் குடுக்கிறதுக்கு எதுக்கு காசு கேக்குறாங்க? சேவைங்கிற பேர்ல வியாபாரம்!" அந்தக் காப்பாத்தின நாய்க்கு ஊசி, கருத்தடை, தோல் வைத்தியம்னு அவங்க செலவு பண்ணினதுல கால்வாசிகூட அந்தத் தொகை இருக்காது. ரசீது கேளுங்க, ஊசி அட்டை கேளுங்க, தப்பே இல்லை. ஆனா சந்தைக்காரன் கேட்டா பன்னெண்டாயிரம் குடுத்துட்டு, காப்பாத்தினவங்க ரெண்டாயிரம் கேட்டா "வியாபாரம்"னு சொல்றது நியாயமா?

20/
ரெண்டாவது: "ஷிட்ஸூ குட்டி, இலவசத் தத்து, டெலிவரி சார்ஜ் மட்டும் 2000." நீங்க ஜிபே பண்ணுவீங்க. அடுத்து "ஏர்போர்ட்ல நிக்குது, கூண்டுக்கு 3500 கட்டணும்." அடுத்து "இன்சூரன்ஸ்." கடைசி வரைக்கும் நாய் வராது. ஏன்னா நாயே கிடையாது, இன்டர்நெட்ல இருந்து எடுத்த ஒரு ஃபோட்டோ மட்டும்தான். எங்க மருத்துவமனை ஊழியர் ஒருத்தரே இப்படி ஏமாந்தார். நேர்ல பார்க்காத நாய்க்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க.

21/
"ஓசியில கிடைச்சா லாபம்தானே?"ன்னு நினைக்கிறவங்களுக்கு என் வீட்டு நோட்டைக் காட்டுறேன். எங்க ஜிம்மி, யாரோ விட்டுட்டுப் போன ஸ்பிட்ஸ். ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுல வந்து படுத்துக்கிச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். விலை 0 ரூபாய். முதல் வருஷச் செலவு:

ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ்: 2800
தடுப்பூசிகள்: 1950
பூச்சி மருந்து, உண்ணி மருந்து: 1600
கருத்தடை ஆபரேஷன்: 9000
சாப்பாடு, மாசம் 1500 வீதம்: 18,000
முடி வெட்ட, குளிப்பாட்ட: 2400
பட்டை, படுக்கை, தட்டு: 2250

மொத்தம் 38,000. "ஓசி" நாய்க்கு.

22/
இது ஆடம்பரக் கணக்கு இல்லை. சிறு நகரத்துல, முடிஞ்சவரை சிக்கனமா ஆன செலவு. ஒரு தடவைச் செலவுகளைக் கழிச்சா அடுத்தடுத்த வருஷம் ஒவ்வொண்ணுக்கும் இருபதாயிரத்துக்குக் குறையல. சின்ன இன நாய் 12 முதல் 15 வருஷம் வாழும். பெருக்கிப் பாருங்க, குறைஞ்சது ரெண்டரை லட்சம் பக்கத்துல வரும். சின்ன இனத்துக்கு வழக்கமா வர்ற பல் நோய், முட்டிச்சில்லு, மூச்சுக்குழல் பிரச்சினை இதுல சேரல.

அதாவது வாங்குற விலைங்கிறது மொத்தச் செலவுல ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டுல ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கத்தான் நாம மத்த எல்லாத்தையும் கோட்டை விடுறோம்.

23/
இந்த இடத்துல ஒரு கோபமான கமெண்ட் வரும்னு தெரியும். "அப்போ ஏழைங்க நாய் வளர்க்கக் கூடாதா? பணக்காரனுக்கு மட்டும்தானா?"

இல்லவே இல்லை. எங்க ஓபிக்கு வர்ற ஒரு பாட்டி, ரேஷன் அரிசிச் சோறு போட்டு நாட்டு நாய் வளர்க்கிறாங்க. வருஷா வருஷம் கால்நடை மருந்தகத்துல ரேபிஸ் ஊசி போட்டு, அட்டையை ஆதார் கார்டோட சேர்த்து பாலிதீன் கவர்ல வெச்சிருக்காங்க. அந்த நாய் இன்னைக்கு யாரையாவது கடிச்சா எனக்குப் பயம் கம்மி. முப்பதாயிரம் ரூபாய் ஷிட்ஸூ வெச்சுக்கிட்டு "வீட்டை விட்டே வெளிய போகாது சார், அதுக்கெதுக்கு ஊசி"ன்னு கேக்குற வீடுதான் எனக்குப் பயம்.

24/
ரேபிஸ் வைரஸ் இனம் பார்க்காது, விலை பார்க்காது. மனுஷங்களுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் வரை நாய்கள் வழியா வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது தெரு நாயா, மெத்தையில தூங்குற நாயாங்கிற கணக்கெல்லாம் வைரஸுக்குக் கிடையாது. அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட 100 சதவீதம் மரணம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி சரியான சிகிச்சை எடுத்தா தடுத்துடலாம்.

குட்டிக்கு ரேபிஸ் ஊசி வழக்கமா மூணு மாசத்துலதான் போடுவாங்க. அதுவரைக்கும் குட்டிக்கு இருக்கிற பாதுகாப்பு ரெண்டுதான்: அதோட தாய்க்குப் போட்ட ஊசி, அது வளர்ந்த இடம். அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். தாய் யாருன்னே தெரியாத குட்டியை வாங்குறது, மருந்து பேரே இல்லாத பாட்டிலை வாங்கிக் குழந்தைக்கு ஊத்துற மாதிரி.

25/
அரசு மருத்துவமனையில நாய்க்கடி ஊசி இலவசம். ஆனா அது சும்மா வானத்துல இருந்து விழுறதில்லை. ஒவ்வொரு வயலும், ஒவ்வொரு இம்யூனோகுளோபுலினும் உங்க வரிப்பணம். வியாபாரி ஒரு தாய்க்குப் போடாம விட்ட சில நூறு ரூபாய் ஊசிக்கு, அரசு ஒரு குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்குது. லாபம் அவருக்கு, செலவு நமக்கு, தழும்பு பாப்பாவுக்கு.

26/
லைசென்ஸ் விஷயத்துலயும் இதே மனசுதான். சென்னை மாநகராட்சியில வளர்ப்பு நாய் லைசென்ஸ் கட்டணம் 50 ரூபாயா இருந்தப்போ சீண்ட ஆள் இல்லை. 2025-இல் லைசென்ஸ் இல்லைன்னா 5000 அபராதம்னு அறிவிச்சதும் முகாம்கள்ல வரிசை கட்டி நின்னாங்க. ஐம்பது ரூபாய் கஷ்டமா? இல்லை. லைசென்ஸுக்கு ரேபிஸ் ஊசிச் சான்று வேணும். நிறைய பேர்கிட்ட அது இல்லை, அதான் கஷ்டம்.

27/
அடுத்த தடவை குட்டி வாங்கவோ, தத்து எடுக்கவோ போனா "எவ்வளவு?"ங்கிற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிட்டு இதைக் கேளுங்க:

• தாயைக் காட்டுங்க. நேர்ல. வீடியோ கால்ல இல்லை.
• தாயோட ரேபிஸ் ஊசி அட்டை எங்க?
• இது எத்தனாவது ஈத்து? போன ஈத்து எப்போ?
• குட்டி பிறந்த தேதி என்ன? எட்டு வாரம் ஆச்சா? (எட்டு வார அளவுல 28 பால் பல்லும் வந்திருக்கணும். வாயைத் திறந்து பாருங்க.)
• போட்ட ஊசியோட ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து அட்டையில இருக்கா?
• உங்க பதிவு எண் என்ன?
• வாங்கின அன்னைக்கே நான் ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுறேன், பிரச்சினைன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?

இதுல ஒண்ணுக்கு "அதெல்லாம் எதுக்கு சார்"னு பதில் வந்தாலும் திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

28/
வெறுங்கையோட வரும்போது பிள்ளை அழும். அழட்டும். "பாவம், அந்தக் குட்டியையாவது காப்பாத்தலாமே"ன்னு நமக்கும் தோணும். எனக்கும் தோணும். ஆனா இரக்கப்பட்டு நாம குடுக்கிற காசுலதான் அந்தக் கூண்டுக்குள்ள இருக்கிற தாய்க்கு அடுத்த ஈத்து. சந்தையில காசு குடுத்து ஒரு குட்டியைக் காப்பாத்த முடியாது, அடுத்த குட்டிக்கு ஆர்டர்தான் குடுக்க முடியும். மனசு கேக்கலைன்னா விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்க. காப்பகத்துல இருக்கிற ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க.

29/
ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம். நாளைக்குக் காலையில கால்நடை மருத்துவமனைக்குப் போங்க. அரசு கால்நடை மருந்தகம் உங்க ஊர்ப் பக்கத்துலயே இருக்கும். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி பல ஊர்ல இலவச ஊசி முகாமும் நடக்கும். வாங்கின விலை எதுவா இருந்தாலும் பரவாயில்லை, இனிமே அதுக்கு நீங்கதான் தாய்.

30/
கடைசியா, நாய் கீறினாலும் கடிச்சாலும், குட்டியா இருந்தாலும், உங்க சொந்த நாயா இருந்தாலும்:

உடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கட்டுப் போடாதீங்க. அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. 0, 3, 7, 28, நாலு நாளும் தவறக் கூடாது. ரத்தம் வந்திருந்தா இம்யூனோகுளோபுலினும் கேளுங்க.

வரும்போது "இது எவ்வளவுக்கு வாங்கின நாய் தெரியுமா சார்"னு மட்டும் சொல்லாதீங்க. நான் விலையைக் கேக்க மாட்டேன். ஊசி போட்டிருக்கான்னுதான் கேட்பேன்.

குட்டி வாங்குற யோசனையில உங்க வாட்ஸ்அப் குரூப்ல யாராவது இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க.